தொல்முதலைப் பற்கள் சேகரிப்பு: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் புதைபடிவங்களில் ஆர்வம் கொண்ட ஆசிரியர்களும் மாணவர்களும், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. டைனோசர் பற்களைப் பற்றியும் சுறாப் பற்களைப் பற்றியும் எழுதப்பட்ட அளவுக்கு முதலைக் குலத்தின் பற்களைப் பற்றித் தமிழில் எழுதப்படவில்லை என்பதால், சில விடைகள் நீண்டுவிட்டன.

தொல்முதலை என்று எந்தெந்த விலங்குகளைச் சொல்கிறீர்கள்?

இன்று உயிரோடிருக்கும் முதலை, அலிகேட்டர், கரியல் ஆகியவை மிகப் பெரிய ஒரு குலத்தின் எஞ்சிய சில கிளைகள் மட்டுமே. அந்தக் குலம் ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியில் தோன்றியது. அதில் துடுப்புக் கால்களோடு கடலில் வாழ்ந்தவையும், நெடிய கால்களோடு தரையில் ஓடி வேட்டையாடியவையும், இலைதழை தின்றவையும் இருந்தன. நீர்த்துறையில் அசையாமல் கிடக்கும் விலங்கு என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் உருவம் இந்த வரலாற்றின் ஒரு சிறு பகுதிக்குத்தான் பொருந்தும்.

விற்பனைப் பட்டியல்களில் ஃபைட்டோசார் பற்களும் முதலைப் பற்களோடு சேர்த்தே வைக்கப்படுகின்றன. அவை பார்வைக்கு முதலை போலிருந்தாலும் முதலைகள் அல்ல. அவற்றின் மூக்குத் துளைகள் முகத்தின் நுனியில் இல்லாமல் கண்களுக்கு அருகில் இருந்தன, டிரையாசிக் காலத்தோடு அவை மறைந்தும்விட்டன. ஆனாலும் இந்தியச் சேகரிப்பாளர் அவற்றை ஒதுக்கிவிட முடியாது. தெலங்கானாவின் மலேரி பாறைத்தொகுதியில் கிடைத்த பாராசூக்கஸ் என்னும் ஃபைட்டோசாருக்கு 1885இல் லிடெக்கர் பெயரிட்டார். அதன் எலும்புக்கூடுகள் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எலும்புக்கூடு அரிதாக இருக்கும்போது பற்கள் மட்டும் ஏன் இவ்வளவு கிடைக்கின்றன?

முதலைக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். ஓர் அலிகேட்டருக்கு ஏறத்தாழ 80 பற்கள் உண்டு. அவை ஒவ்வொன்றும் அதன் ஆயுளில் 50 முறை வரை மாற்றப்படக்கூடும். ஆக, ஒரே விலங்கு ஆற்றுப் படுகையிலும் கடற்கரைச் சேற்றிலும் ஆயிரக்கணக்கான பற்களை விட்டுச் செல்கிறது. எலும்புக்கூடோ ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் சிதைந்து போகிறது. மேலும், பல்லின் மேலுறையான எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள் என்பதால், நீரோட்டத்தில் உருண்டாலும் பல் தாக்குப்பிடிக்கிறது.

இதனால்தான் உதிர்ந்த பற்களில் வேர் இருப்பதில்லை. புதிய பல் பழைய பல்லின் அடியிலேயே, அதன் உட்குழிவுக்குள் வளர்கிறது; வளரும்போது பழைய பல்லின் வேரைக் கரைத்துவிடுகிறது; எஞ்சிய முடிப்பகுதி மட்டும் ஒரு நாள் கழன்று விழுகிறது. அடிப்பக்கம் குழிந்து, விளிம்பு சீரற்றிருக்கும் பல்லை உடைந்த பல் என்று எண்ணிப் பலர் ஒதுக்குகிறார்கள். விலங்கு உயிரோடிருக்கும்போது இயல்பாக உதிர்ந்த பல் அது. வேரோடு கூடிய பல்தான் வழக்கத்துக்கு மாறானது: ஒன்று தாடையோடு புதைந்ததாக இருக்க வேண்டும், அல்லது யாரோ வேரை ஒட்டவைத்திருக்க வேண்டும்.

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளிலும் குவாரிகளிலும் தேடினால் கிடைக்குமா?

கிடைக்காது. இந்த விடை பலருக்கு ஏமாற்றம் தருகிறது, ஆகையால் காரணத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யானைமலை, சமணர் மலை, அழகர்மலை ஆகியவையும், மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளும் நைஸ், சார்னோக்கைட் போன்ற உருமாறிய பாறைகளும் அவற்றோடு சேர்ந்த கிரானைட்டும் கொண்டவை. புவியியலாளர்கள் மதுரைப் பாளம் என்று குறிப்பிடும் இந்த நிலப்பகுதி ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளானது. முதலைக் குலம் தோன்றுவதற்கு 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறுகிவிட்ட பாறையில் முதலைப் பல் எப்படி இருக்கும்? பாறையின் விரிசலில் செடி படர்ந்தது போலத் தெரியும் கருப்பு வரிகளைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் உண்டு. அவை மாங்கனீசுத் தாது படிந்து உண்டான வரிகள், உயிரினத்தின் தடயம் அல்ல.

சுண்ணாம்புக்கல் இருக்கும் இடத்தில் புதைபடிவம் இருக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே வழிதவறச் செய்கிறது. விருதுநகர் மாவட்டத்துப் பந்தல்குடியிலும் நெல்லைச் சீமையின் தாழையூத்திலும் வெட்டியெடுக்கப்படுவது உருமாறிப் படிகமான சுண்ணாம்புக்கல். அரியலூரில் வெட்டப்படுவதோ டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியில் படிந்தது. இரண்டும் சிமென்ட் ஆலைக்குத்தான் போகின்றன, ஆனால் முன்னதில் உயிரினச் சுவடு எதையும் எதிர்பார்க்க முடியாது.

கிழக்கே சிவகங்கை மாவட்டத்தில் முற்காலக் கிரெட்டேசியஸ் படிவுகள் சிறு திட்டுகளாக உள்ளன. அவை டைலோஃபில்லம் போன்ற தாவரங்களின் இலைப் பதிவுகளுக்கு அறியப்பட்டவை. இலைப் பதிவில் ஆர்வமுள்ளவருக்கு அது நல்ல இடம்; பல் தேடுகிறவருக்கு அல்ல.

வைகை மணலில் என் மகனுக்குக் கருத்த பல் ஒன்று கிடைத்தது. அது என்ன?

பெரும்பாலும் மாட்டுப் பல்லாகவோ எருமைப் பல்லாகவோ இருக்கும். அரைக்கும் பரப்பில் எனாமல் மடிப்பு மடிப்பாக, பிறை வடிவ வரிகளாகத் தெரிந்தால் அது மேய்ச்சல் விலங்கின் கடைவாய்ப்பல். முதலைப் பல்லில் அரைக்கும் பரப்பே கிடையாது, ஒற்றைக் கூம்புதான். ஈர மண்ணில் கிடந்தால் சில பத்தாண்டுகளிலேயே எலும்பும் பல்லும் கருத்துவிடும் என்பதால், நிறத்தை வைத்துப் பழமையை முடிவு செய்யக் கூடாது.

கிடைத்த இடம் கீழடி, சிலைமான் பக்கம் என்றால் இன்னொரு கவனம் தேவை. கீழடி அகழாய்வில் காளை, எருமை, ஆடு முதலியவற்றின் எலும்புகள் கிடைத்துள்ளன. அப்படிப்பட்ட எலும்பு புதைபடிவம் அல்ல. ஆனால் தொல்லியல் சான்று. பானை ஓடுகளோடு சேர்ந்து கிடப்பதைக் கண்டால் தோண்டாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை.

அப்படியானால் மதுரையிலிருந்து போகக்கூடிய தூரத்தில் முதலைப் புதைபடிவம் எங்கே இருக்கிறது?

அரியலூரில் இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னை செல்லும் ரயில் பாதையில், திருச்சிக்கு அப்பால் வரும் ஊர் அது. அந்தப் பகுதியின் கிரெட்டேசியஸ் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்து 1862இல் புவியியலாளர் பிளான்ஃபோர்டு எழுதிய காலத்திலிருந்தே அவை உலகப் புவியியலாளர்களுக்கு அறிமுகமானவை. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் கடற்சிப்பிகளும் சுறாப் பற்களும் அங்கே கிடைப்பதைப் பலரும் அறிவார்கள்.

முதலைக் குலத்தைப் பொறுத்தவரை முக்கியமானது கடல் படிவு அல்ல, அதன் மேற்பகுதியில் உள்ள கல்லமேடு பாறைத்தொகுதி. டைனோசர் காலத்தின் இறுதிக் கட்டத்தில் ஆற்றுச் சமவெளியாக இருந்த நிலம் அது. அங்கே எடுத்த மண்ணைச் சலித்து ஆராய்ந்ததில் கிடைத்த சிறு முதுகெலும்பிகளைப் பற்றி 2013இல் ஆய்வுகள் வெளியாயின. அவற்றுள் சிமோசூக்கஸ் என்னும் முதலையினத்தை ஒத்த ஒன்றின் எச்சமும், டுரூடான்டிட் வகை டைனோசரின் பல்லும் இருந்தன.

சிமோசூக்கஸ் மடகாஸ்கரில் கண்டெடுக்கப்பட்டு 2000இல் பெயரிடப்பட்டது. முக்கால் மீட்டர் நீளம், மழுங்கிய முகம், உடலெங்கும் கவசத் தகடுகள், கிராம்பு மொட்டைப் போல நுனியில் பல முனைகள் கொண்ட பற்கள் என்று முதலை என்றே நம்ப முடியாத உருவம் அதற்கு. அது இலைதழை தின்றிருக்க வேண்டும் என்று பற்களைக் கொண்டே கருதுகிறார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 8 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. பிரிந்து 2 கோடி ஆண்டுகள் கழித்தும் இரு கரைகளிலும் உறவினங்கள் வாழ்ந்திருக்கின்றன என்பதற்கு அரியலூர் மண்ணில் கிடைத்த சில மில்லிமீட்டர் எச்சம் சான்றாகிறது. சார்கோசூக்கஸ் என்னும் மாபெரும் முதலையின் கையளவு பல்லைத் தேடி அலைகிறவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

அரியலூருக்குப் போய் நானே பொறுக்கலாமா?

பார்க்கப் போகலாம், பொறுக்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் குத்தகை நிலங்கள். அனுமதியின்றி நுழைவது சட்டப்படியும் தவறு, வெடிவைக்கும் இடம் என்பதால் உயிருக்கும் ஆபத்து. பெரம்பலூர் மாவட்டத்தின் காரைப் பகுதியில் உள்ள செம்மண் ஓடைக்காடு, சாத்தனூர்க் கல்மரம், திருவக்கரைக் கல்மரப் பூங்கா ஆகியவை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அடையாளப்படுத்திய புவிமரபு இடங்கள். அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது.

கல்லமேட்டைப் பற்றி இன்னொரு செய்தி. அங்கே 1980களில் விவரிக்கப்பட்ட புருகத்காயோசாரஸ் என்னும் மாபெரும் டைனோசரின் எலும்புகள் பின்னர் சிதைந்து அழிந்துவிட்டன. இன்று எஞ்சியிருப்பவை வரைபடங்களும் ஒளிப்படங்களும்தான். அந்த மண்ணில் எலும்பு அவ்வளவு எளிதில் நொறுங்கும். பயிற்சியில்லாத கை கத்தியை வைத்துக் கிளறினால் பல்லும் மிஞ்சாது, அது எந்த அடுக்கில் இருந்தது என்ற தகவலும் மிஞ்சாது. முதலைப் பல் போன்ற ஒன்றை அங்கே கண்டால், அளவுகோலோ நாணயமோ பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, கைப்பேசியில் இருப்பிடத்தைப் பதிந்து, வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகப் புவியியல் துறை ஒன்றுக்கோ தெரிவியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் தெளிவான பகுதி. இந்தியாவில் வாழும் சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, கரியல் ஆகிய மூன்றும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றின் பல்லை வாங்குவதும் விற்பதும் குற்றம். புலிநகம் விற்ற அதே வழக்கத்தில் முதலைப் பல் பதக்கம் என்று யாராவது காட்டினால் விலை கேட்கவே வேண்டாம். பல் கனமின்றி, வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் அது அண்மைக் காலத்துப் பல்லாக இருக்கக்கூடும் என்று எச்சரிக்கை கொள்ளுங்கள்.

புதைபடிவங்களைப் பொறுத்தவரை, புவிமரபு இடங்களையும் பொருள்களையும் பாதுகாப்பதற்கான வரைவு மசோதாவை மத்தியச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. அது எந்த வடிவத்தில் இருந்தாலும், நிலத்தின் உரிமையாளரோ அரசோ அனுமதிக்காத இடத்தில் எடுப்பது தவறு என்ற அடிப்படை மாறப் போவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது அந்நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பிரேசிலில் 1942 முதல் புதைபடிவங்கள் அரசின் உடைமை. அங்கிருந்து வந்த முதலைப் பல் எந்த விலையில் கிடைத்தாலும் வாங்கத் தக்கதல்ல. அமெரிக்காவில் கூட்டரசு நிலத்திலிருந்து முதுகெலும்பிப் புதைபடிவம் எடுக்க அனுமதி வேண்டும். தனியார் நிலத்தில் எடுத்தது விற்பனைக்கு வரலாம். மொராக்கோவிலிருந்து வெளியே அனுப்ப அந்நாட்டு அனுமதி தேவை. விற்பவரிடம் அதைக் கேளுங்கள். சுங்க வகைப்பாட்டில் தொல்லுயிரியல் சேகரிப்புப் பொருள்கள் 9705 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. பொட்டலத்தின் மேல் ‘பரிசுப் பொருள்’ என்று எழுதச் சொல்வதை விட, உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்வது பிற்பாடு தொல்லையைக் குறைக்கும்.

முதலைப் பல் என்று எப்படி உறுதி செய்வது?

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும். பல் கூம்பு வடிவில், குறுக்குவெட்டில் வட்டமாகவோ முட்டை வடிவமாகவோ இருக்கும். முன்னும் பின்னும் மெல்லிய இரு முகடுகள் நுனி நோக்கி ஓடும். எனாமலில் நுண்ணிய நெடுக்கு வரிகள் காணப்படும். சில இனங்களில் அவை ஆழமாகவும் சிலவற்றில் அறவே இல்லாமலும் இருக்கும். அடியில் கூம்பு வடிவ உட்குழிவு உண்டு.

குழப்பம் தருபவை சில உள்ளன. சுறாப் பல் தட்டையான அலகும் அகன்ற வேரும் கொண்டது. இதில் தடுமாற வாய்ப்பில்லை. மோசசார் என்னும் கடல் ஊர்வனவற்றின் பல் தாடையோடு இணைந்த பருத்த எலும்பு அடியின் மேல் அமர்ந்திருக்கும், முதலைப் பல்லோ குழியில் நின்றது. உண்மையான சிக்கல் ஸ்பைனோசார் பற்களால் வருகிறது. அவை டைனோசர் பற்களாக இருந்தும் கூம்பாக, வரியோடு, முதலைப் பல்லைப் போலவே இருக்கும். மீன் பிடித்துத் தின்னும் வாய் எதுவானாலும் பல் ஏறத்தாழ ஒரே வடிவத்தை அடைகிறது. ஸ்பைனோசார் பல் பொதுவாக அதிகம் நீண்டும், குறைவாக வளைந்தும் இருக்கும். சிறிய, தேய்ந்த பற்களில் அனுபவசாலிகளும் கருத்து வேறுபடுவதுண்டு.

எல்லா முதலைப் பல்லும் கூம்பு என்றும் எண்ண வேண்டாம். தரையில் வேட்டையாடிய பௌருசூக்கிட் வகைகளுக்கும், கடலில் வாழ்ந்த டகோசாரஸுக்கும் இறைச்சி அறுக்கும் ரம்ப விளிம்பு உண்டு. மக்கிமோசாரஸின் பல் மழுங்கியது. ஆமை ஓட்டை உடைக்கப் பயன்பட்டது. பெர்னிசார்ட்டியாவின் பின்பற்கள் குமிழ் போன்றவை.

பெட்டியில் சார்கோசூக்கஸ் என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா?

பல் எங்கே கிடைத்தது என்று எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சார்கோசூக்கஸ் இம்பெரேட்டர் 1966இல் நைஜர் நாட்டுப் பாறைகளிலிருந்து பெயரிடப்பட்டது. 9 மீட்டருக்கு மேல் வளர்ந்த விலங்கு. சந்தையில் அந்தப் பெயரோடு வருபவற்றுள் பல, மொராக்கோவின் கெம் கெம் படிவுகளிலிருந்து எடுத்தவை. அவை காலத்தால் பிற்பட்டவை, எலோசூக்கஸ் போன்ற வேறு முதலைகளுடையவை. பெரிய பெயர் பெரிய விலையைக் கொண்டுவரும் என்பதைத் தவிர அந்தப் பெயர்ச்சீட்டுக்கு வேறு காரணமில்லை.

பொதுவாகவே, தனியொரு பல்லை வைத்து இனத்தின் பெயரைச் சொல்வது கடினம், ஏனென்றால் ஒரே தாடையில் முன்பல் நீண்டும் பின்பல் குட்டையாகவும் இருக்கும். ‘முதலைக் குலம், இனம் தெரியவில்லை, கெம் கெம், மொராக்கோ’ என்று எழுதும் விற்பனையாளரை நான் அதிகம் நம்புவேன்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முழுப் போலியை விட ஒட்டுப் பல்தான் மிகுதி. ஒரு பல்லின் நுனியையும் இன்னொன்றின் அடியையும் சேர்த்து, இணைப்பை மணலும் பசையும் கொண்டு மறைப்பார்கள். உண்மையான விரிசல் பெரும்பாலும் நெடுக்காக ஓடி, இருபுறமும் எனாமல் வரிகள் தொடரும். ஒட்டிய இடத்தில் வரி தடைப்படும், நிறம் மாறும். புற ஊதா டார்ச் ஒளியில் பல வகைப் பசைகள் தனியாக ஒளிரும். லென்ஸில் காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது ரெசின் வார்ப்பு.

தாடையோடு கூடிய பல் வரிசை மலிவாகக் கிடைத்தால் விலகிவிடுங்கள். பற்கள் அசலாக இருக்கலாம். தாடை மணலும் பசையுமாக இருக்கும்.

எப்படிச் சுத்தம் செய்வது, எப்படிப் பாதுகாப்பது?

உலர்ந்த மென்தூரிகையில் தொடங்குங்கள். விரிசலுள்ள பல்லை நீரில் ஊறவைத்தால் பிளந்துவிடும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போடுவது வேண்டாம். கல்லோடு சேர்ந்து பல்லும் அரிக்கப்படும். உடைந்தால் ஃபெவிக்விக் போன்ற பசையை எடுக்காமல், அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசின் கொண்டு ஒட்டுவது நல்லது, ஏனென்றால் வேண்டும்போது அதை அசிட்டோனாலேயே கரைத்து நீக்கலாம். மதுரை வெயில் நேராகப் படும் சன்னலோரத்தில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பஞ்சு இழை எனாமல் விளிம்பில் மாட்டும் என்பதால் நுரைத் தாள் மேலானது.

பதிவேடு அவசியமா?

பல்லை விட அவசியம். எந்த நாடு, எந்த ஊர், எந்தப் பாறைத்தொகுதி, எந்தக் காலம், யாரிடம் எப்போது வாங்கியது ஆகியவற்றைத் தாளில் எழுதி, பல்லின் அடியில் அதே எண்ணைச் சிறிதாக இடுங்கள். எண்ணை நேரடியாக எழுதாமல் பாரலாய்டுப் பூச்சின் மேல் எழுதினால் பின்னால் அழிக்க முடியும். கிடைத்த இடம் தெரியாத பல்லை எந்த ஆய்வாளரும் பயன்படுத்த முடியாது. எந்த அருங்காட்சியகமும் மகிழ்ந்து ஏற்பதில்லை. கணினியில் மட்டும் வைத்திருக்கும் பதிவேடு சேகரித்தவரோடு மறைந்துவிடுகிறது, ஆகவே சீட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் நேரில் பார்க்க எங்கே போகலாம்?

உயிருள்ள முதலையின் வாயைப் பார்ப்பது முதல் பாடம். உடுமலைப்பேட்டைக்கு அருகில் அமராவதி அணையின் முதலைப் பண்ணை மதுரைக்காரர்களுக்கு ஒரு நாளில் போய்வரும் தூரம்தான். சென்னை செல்பவர்கள் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் பல இனங்களை ஒப்பிடலாம். புதைபடிவங்களுக்கு அரியலூர் வாரணவாசி. தொலைவு செல்ல முடிந்தால் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில், இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் மலைகளில் கிடைத்த புதைபடிவங்களைப் பார்க்கலாம். கரியலின் பேருருவ உறவான ராம்போசூக்கஸ் அந்தச் சிவாலிக் மலைகளிலிருந்துதான் அறியப்பட்டது. அதன் நீளத்தை முன்பு 15 மீட்டருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். பின்வந்த ஆய்வுகள் ஏறத்தாழ 8 முதல் 11 மீட்டர் என்று குறைத்தன.

பள்ளி மாணவருக்கு முதல் பல்லாக எதை வாங்கித் தரலாம்?

மொராக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து வரும் டைரோசாரஸ் பல்லை நான் பரிந்துரைப்பேன். அவை ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு, போலி செய்வதில் யாருக்கும் பெரிய லாபமில்லை, சுரங்கத்தின் பெயரும் பெரும்பாலும் சீட்டில் இருக்கும். டைனோசர்களை அழித்த 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவைக் கடந்து வாழ்ந்த முதலைக் குடும்பம் அது. வாங்கும்போது பழுதில்லாத ஒன்றையும், அடியில் உட்குழிவு நன்றாகத் தெரியும் உடைந்த ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். மாணவர் அதிகம் கற்றுக்கொள்வது இரண்டாவதிலிருந்துதான்.